எண்ணெய் கண்ட போல்ட்டு

பழைய விமானம் ஒன்றின் வாலைத் தாங்கிப் பிடித்திருந்த போல்ட்டுக்கு உடம்பெல்லாம் தேய்மானம். எண்ணெயைக் கண்டு வருஷக்கணக்காகிவிட்டது.

"இன்னிக்காவது மெக்கானிக்குங்க வால் மூடியைத் திறந்து நம்மைப் பார்ப்பாங்களா?" என்று தன்னோடு இறுகிக் கிடந்த நட்டைக் கேட்டது.

"அதுக்கு ஏணி ஏறணுமே. கீழே நின்னு டீயைக் குடிச்சுக்கிட்டே 'பார்த்தாச்சு'ன்னு எழுதிட்டாங்கப்பா," என்றது நட்டு.

போல்ட்டு பெருமூச்சு விட்டது. இன்னும் ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தது. மலைக்கு மேலே போனபோது முறிந்துவிட்டது. விமானத்தில் இருந்த எண்பத்தாறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் போல்ட்டையும் நட்டையும் பொறுக்கி எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். சாட்சிப்பொருள் துருப்பிடித்துவிடக் கூடாதென்று ஒருவர் பஞ்சால் எண்ணெய் தடவினார்.

"இப்பவாவது தடவினாங்களே," என்றது நட்டு.

"இங்கே ஏணி ஏற வேண்டாமில்லையா," என்றது போல்ட்டு.