ஒன்பது அசல்கள்

பெரிதாக்கிய படத்தில் அப்பாவின் பெயர் முழ நீளத்துக்கு இருந்தது. மாசிலாமணி.

சாட்சிக் கூண்டில் நின்ற கையெழுத்து நிபுணர் அதன்மேல் பென்சில் நுனியை வைத்தார். உயிலில் இருப்பது இது. எழுத்து நடுங்குகிறது. 'சி'யிலும் 'லா'விலும் பேனா நின்றிருக்கிறது. பார்த்துப் பார்த்து வரைந்த கை என்றார்.

அடுத்த படத்தை எடுத்தார். வங்கியிலிருந்தும் மின்வாரியத்திலிருந்தும் வரவழைத்த ஒன்பது கையெழுத்துகள். இவைதான் மாசிலாமணியின் அசல். ஒரே ஓட்டம், ஒரே அழுத்தம்.

அந்த ஒன்பதும் அவள் போட்டவை.

சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்த வருஷம், கையெழுத்துச் சேரவில்லை என்று வங்கியில் படிவத்தைத் திருப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவையும் திரும்பி வந்தபோது அவர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே போட்டுரு ஏட்டி. எம் பேர என்னவிட நீதான் அழகா எழுதுத."

பழைய கையெழுத்தைப் பார்த்துப் பழகினாள். ஆறு வருஷம் போட்டாள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உயிலுக்கு மட்டும் அவர் பேனாவைக் கொடுக்கவில்லை. கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு அவரே போட்டார். அப்போது சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை.

வீடு அவளுக்கு என்று அதில் இருக்கிறது. அவள் குடியிருக்கிற வீடு. அண்ணன் அதைக் கள்ள உயில் என்கிறான்.

மூன்று மாதத்துக்கு முன்பு அவளுடைய வக்கீல் அந்த ஒன்பதையும் காட்டி, அப்பா போட்டதுதானேம்மா என்று கேட்டார். பயத்தில் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தாள்.

இப்போது வாயைத் திறந்தால் ஆறு வருஷமாகக் கள்ளக் கையெழுத்துப் போட்டவள். திறக்காவிட்டால் வீடு போச்சு.

அண்ணனின் வக்கீல் எழுந்தார். உயிலில் போட்டதே இந்த அம்மாள்தான், இங்கேயே மாசிலாமணி என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள் என்றார்.

நீதிபதி தலையசைத்தார்.

அவள் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்கள்.

எங்கிருந்து வந்ததோ, ஒரு தைரியம் வந்தது. எழுதிவிடலாம். எப்போதும் எழுதுகிற மாதிரி, ஒரே ஓட்டமாக. அந்த ஒன்பதும் யார் கை என்று நிபுணரே பார்த்துச் சொல்லட்டும். ஜெயிலுக்குப் போனாலும் போகிறேன். அப்பா போட்டது அப்பா போட்டதாக நிற்கட்டும்.

பேனாவை எடுத்தாள்.

விரல் நிற்கவில்லை.

இடது கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். அப்படியும் 'மா'வின் வளைவு உடைந்தது. 'சி'யில் பேனா நின்றது. 'லா'வில் மறுபடி நின்றது.

தாளைப் பார்த்தாள். ஐயோ, உயிலில் இருந்த அதே கையெழுத்து.

நிபுணர் லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார். பின் பெஞ்சில் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

அவள் இரண்டு கையாலும் தாளை மூடினாள்.

"அய்யா, இன்னொரு தாள் தாங்க அய்யா. இது நான் போடுத கையெழுத்து இல்ல."