விஷயம் தெரிந்தவர்

"ஏங்க, கம்ப்யூட்டர் அப்டேட் கேக்குது. போட்டுடவா?" என்றாள் மனைவி.

சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர் பதறினார். "வேணாம்மா. இப்போ உனக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்கு. பாதியில மாட்டிக்குவே."

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். நான் விஷயம் தெரிஞ்சவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

ஹெல்ப்லைனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"லைன்லயே இருங்க மேடம், எங்க சீனியர்கிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றான் ஓர் இளைஞன்.

"பாத்தீங்களா, எவ்வளவு பொறுப்பு!"

அவருடைய மடியில் போன் அலறியது.

"சார், லீவுல இருக்கும்போது தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். ஒரு மேடம் அப்டேட் போடலாமான்னு கேக்கறாங்க."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஆபீஸ் அனுபவத்தை ஓரங்கட்டிவிட்டு, குடும்ப அனுபவத்தில் பதில் சொன்னார்.

"தாராளமா போடச் சொல்லுப்பா."