நூகு அடித்த பெனால்ட்டி

"அந்தப் பெனால்ட்டியை எழுதத்தான் போறேன். உம்ம பேரோட."

சவரிநாதன் இப்படிச் சொன்னதும் நூகுவின் முகம் தொங்கிப்போனது.

சவரிநாதன் மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை தொழிலாளிகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர், 1957இல் சரித்திர ஆசிரியராகி ஊரையே நிற்க வைத்தார். காரைக்காலின் பாலங்களும் பந்தாட்டமும் பற்றிப் புத்தகம். அளக்காமல் ஒரு வரி எழுத மாட்டார். ஆற்றுப் பாலத்தை அளந்தார். தண்ணீர்த் தொட்டியை அளந்தார். ஆடு கட்டியிருந்த பழைய கோல் கம்பத்தையும் விடவில்லை. டேப்பின் மறுமுனை எப்போதும் என் கையில்.

நூகு சைக்கிள் கடைக்காரர். 1936இல் எங்கள் ஊர்த் திடலில் நாகப்பட்டினத்தோடு இறுதி ஆட்டம். கடைசி நிமிஷத்தில் அவர் அடித்த பெனால்ட்டி மேல்கட்டையில் பட்டுத் திரும்பியது. கோப்பை கைநழுவியது. அன்றிலிருந்து அவர் 'கட்டை நூகு'. தபால்காரருக்கும் அப்படிச் சொன்னால்தான் வீடு தெரியும்.

"மேனேஜரய்யா, ஊர் வாய் ஒருநாள் மறந்துடும்ங்க. புத்தகம் மறக்காது. எம் மக மெஹர் பானு டீச்சருக்குப் படிக்கிறா. அவளும் படிப்பாளே!"

"படிக்கட்டும். ஒரு பிரதி கூடுதலா விற்கும்."

"கொஞ்சம் இரக்கம் காட்டுங்க."

"சரித்திரத்துக்கு இரக்கம் கிடையாதுங்காணும். அளவுதான் உண்டு."

டீக்கடைக்காரர் காதர் பாட்சா கொதித்தார்.

"மில்லுல ஆளை வெளியே அனுப்பின கையாச்சே, சும்மா இருக்குமா? பாவம்யா நம்ம ஆளு!" என்றவர் தெருவைப் பார்த்துக் கூவினார். "ஏ கட்டை! உள்ளே வா, டீ குடி!"

புத்தகம் வருவதற்கு முந்தின வாரம், சவரிநாதன் பழைய கம்பத்தைப் பிடுங்கி விறகாக்கிவிட்டு, தன் செலவில் இரும்புக் கம்பம் நட்டார்.

"தன் பேரைப் பொறிச்சுக்கத்தான்!" என்றார் காதர் பாட்சா. கம்பத்தில் பேர் எதுவும் இல்லை.

புத்தகம் வந்தது. நூகு பயந்து பயந்து பிரித்தார். பிறகு என்னிடம் நீட்டி, "நீ படி, எனக்குக் கண் மறைக்குது" என்றார்.

படித்தேன்.

'நூகு அடித்த பந்தில் குறையில்லை. மேல்கட்டைதான் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. ஆங்கிலேயர் அடியை அன்றைய நம் பிரெஞ்சு மீட்டருக்கு மாற்றியபோது நேர்ந்த பிழை. கம்பத்தைச் செய்து நட்டவர், அன்று மில் எஞ்சினியராக இருந்த இந்நூலாசிரியரே.'

நியாயமான ஊர். அன்று மாலையே நூகுவின் பட்டத்தைப் பறித்தது. சவரிநாதனுக்கு 'நாலு விரல்' என்று பேர் வைத்தது. கோப்பையைத் தொலைத்த பாவி என்று காதர் பாட்சா அவருக்கு டீ தருவதையே நிறுத்தினார். சாகும்வரை அந்தப் பேர்தான்.

அந்தப் பழைய கம்பத்தை அளந்த அன்று டேப்பைப் பிடித்திருந்தவன் நான். கட்டை விதிப்படி சரியாக எட்டடி உயரத்தில்தான் இருந்தது.