ஞாயிற்றுக்கிழமைப் படகு

“இந்த வாரமும் வெறுங்கைதானா?”

தூண்டிலோடு உள்ளே வந்த கணவரைப் பார்த்துச் சிரித்தாள் அவள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் மீன் பிடிக்கப் போகிறார் அந்தப் பல் டாக்டர். பேருக்கு ஒரு குஞ்சு மீன்கூட வீடு வந்து சேர்ந்ததில்லை.

“பல் ஒட்டற சிமென்ட் மறுபடியும் தீர்ந்துடுச்சாம். நர்ஸ் போன் பண்ணினா.”

“வாங்கிக்கலாம்” என்று நழுவப் பார்த்தார்.

“நில்லுங்க. இதைப் பாருங்க.” லேப்டாப்பைத் திருப்பினாள். செயற்கைக்கோள் படங்களில் பவளப்பாறைகளைக் குறித்து, அங்கே எவ்வளவு மீன் இருக்கும் என்று கணக்கிடுவது அவள் வேலை. “பாறை செத்துப்போச்சுன்னு அழுதேனே, அதே இடம். இந்த வெள்ளைப் புள்ளி ஒரு படகு. எவனோ திருட்டுத்தனமா வலை போடறான். நாளைக்கே புகார் கொடுக்கறேன்.”

அவருக்கு வியர்த்துவிட்டது.

“முகம் தெரியுதா?”

“வானத்துலேருந்து முகமா தெரியும்?”

“அப்போ படகைச் சுத்திப் பாரு.”

பெரிதாக்கினாள். வெளுத்துக் கிடந்த தரையில் பழுப்புத் திட்டுகள். உயிருள்ள பவளம்! படகு தெரிந்த படங்களின் தேதிகளைப் பார்த்தாள். எல்லாமே ஞாயிறு.

“நீங்களா?”

“உடைஞ்சு கிடந்த பவளத்தை எடுத்து ஒட்டினேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதானே! உன் கண்ணுல தானா படட்டும்னு சொல்லல.” பரீட்சை எழுதிய பிள்ளை போலத் தயங்கினார். “மீன் வருமா?”

கணக்குப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க தூண்டிலுக்கு மாட்டாததெல்லாம் அங்கதான் குடியிருக்கு.”