பதினோராவது பெட்டிசம்

குண்டு கிடக்கிறது என்று யாரோ போனில் சொன்ன இடத்தில் மூன்று மாதக் குப்பைதான் கிடந்தது. அதை அறிய ஒரு லொறி ஆமி, ஒரு ஜீப் பொலிஸ், ஒரு நாய் எல்லாம் கொட்டாஞ்சேனையின் அந்தச் சின்ன ஒழுங்கைக்குள் வரவேண்டியிருந்தது.

விடிய ஏழு மணிக்கே சனத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். உடுத்த உடுப்போடு வா என்றார்கள். சைக்கிளைக்கூடத் தொட விடவில்லை. ஒழுங்கை முழுக்க மாதா கோயில் மதிலோரம் வெயிலில் நின்றது. அதே ஒழுங்கையில் குப்பைக்கு நேர் எதிர் வீட்டுக்காரரான மாநகர சபை மெம்பர் ஸ்ரீஸ்கந்தராசா மட்டும், கோயிலடி மர நிழலில் விட்டிருந்த தன் காருக்குள் இருந்தார். மக்களுக்காக உழைக்கிறவர் வெயிலில் காயக்கூடாதுதானே.

நாய் மோந்து பார்த்தது. தும்மியது. பிறகு குப்பைப் பக்கமே போகமாட்டேன் என்று படுத்துவிட்டது.

"இப்பிடிக் குவிச்சு வைச்சா நாளைக்கு எவனும் எதையும் ஒளிப்பான்" என்று பெரிய அதிகாரி சிங்களத்தில் கத்தினார். ஆமிக்காரர் மண்வெட்டியால் எல்லாவற்றையும் கிளறி அள்ளி, லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் சீமெந்து போட்டிருக்கிறது என்பதே சனத்துக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

மிஞ்சியது ஒரு வேலை. பொய்த் தகவல் கொடுத்தவனைப் பிடிக்க வேண்டும்.

"இந்தக் குப்பை யாருக்குக் கரைச்சல்?" இன்ஸ்பெக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

கரைச்சல் எல்லாருக்கும்தான். ஆனால் கடதாசியில் கையெழுத்து வைத்தவர் ஒருவர்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த வின்சன்ற். குப்பையை அள்ளச் சொல்லி மூன்று மாதத்தில் சபைக்குப் பதினொரு பெட்டிசம்.

பெட்டிசக் கட்டைக் கொண்டுவந்து பொலிசிடம் கொடுத்தவர் மெம்பர். அந்தக் கட்டின் நூலை அவர் அவிழ்த்ததும் அன்றைக்குத்தான்.

"கடைசியா வந்ததைப் பாருங்கோ சேர்" என்றார். பதினோராவது பெட்டிசத்தின் அடியில், 'இனி நான் வேறு வழி பார்க்க வேண்டி வரும்' என்று இருந்தது.

"என்ன வழி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மேயரை நேர போய்ப் பாக்கிற வழி, ஐயா" என்றார் வின்சன்ற்.

மெம்பருக்குச் சிரிப்பு வந்தது. "அப்பிடி நேர போகேலாது அண்ணை. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. பெட்டிசம் மெம்பரிட்ட வரவேணும். மெம்பர் அதைச் சுகாதாரக் குழுவில வைப்பார். குழு பொதுக்கூட்டத்துக்கு அனுப்பும். அங்க கை தூக்கி வாக்கெடுப்பு. பிறகு மேயர், மேயரிட்ட இருந்து ஆணையாளர், ஆணையாளரிட்ட இருந்து இஞ்சினியர். அதுக்குப் பிறகுதான் லொறி."

"லொறியில டீசல் இருந்தா" என்றார் வின்சன்ற்.

"பகிடி விடாதையுங்கோ. நான் எதிர்க்கட்சி. நான் எழும்பினா மேயரின்ர ஆக்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிடுவினம்."

"அப்ப என்ர பதினொண்டும் எங்க நிக்குது?"

"குழுவில. ஆக்கள் போதாதெண்டு மூண்டு தரம் கூட்டம் கலைஞ்சு போச்சு. ஆனா முறை எண்டா முறைதான். நீங்கள் பொறுத்திருக்க வேணும். இப்பிடிப் பொலிசுக்குப் போன் அடிச்சிருக்கக் கூடாது."

"நான் அடிக்கேல்ல."

இன்ஸ்பெக்டருக்கு அலுத்துவிட்டது. ஜீப்பைக் காட்டினார். அந்த யுத்த நாட்களில் ஜீப்பில் ஏறுகிற நாள்தான் தெரியும். இறங்குகிற நாளை ஏற்றினவனும் சொல்லமாட்டான்.

வின்சன்றின் மனைவி மாக்ரெட் அவருடைய அடையாள அட்டையையும் ஒரு துவாயையும் பிடித்தபடி மெம்பரிடம் ஓடிவந்தாள்.

"தம்பி, இந்த மனிசனுக்குப் போனில நம்பர் சுத்தவே தெரியாது. சீனி வருத்தம் வேற. ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ."

"பயப்பிடாதையுங்கோ அக்கா. அடுத்த பொதுக்கூட்டத்தில கண்டனப் பிரேரணை ஒண்டு கொண்டு வாறன்."

"அது எப்ப?"

"மேயர் கூட்டினாத்தான்."

வின்சன்ற் ஒரு காலை ஜீப்பில் தூக்கி வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பொலிஸ்காரர் இஸ்ஸதீனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சந்தியில் காசுக்குப் போன் பேச விடுகிற கொமியுனிகேஷன் கடை வைத்திருப்பவர் இஸ்ஸதீன். தகவல் வந்தது அவருடைய கடைப் போனிலிருந்துதான் என்று தெரிந்துவிட்டது.

"காலைல ஆறு மணிக்கு யார் பேசினது? இவன்தானே?" இன்ஸ்பெக்டரின் கை வின்சன்றின் தோளில் இருந்தது.

இஸ்ஸதீன் வின்சன்றைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அல்லாவுக்குப் பொதுவா இவர் இல்ல மாத்தயா. கடை தொறந்த கையோட வந்தது ஒரே ஆள்தான். காரைக் கோயிலடியில விட்டுட்டு நடந்து வந்தாரு." அவர் விரல் நீட்டவில்லை. மர நிழலில் நின்ற காரை மட்டும் பார்த்தார்.

எல்லாரும் அந்தக் காரைப் பார்த்தார்கள். மெம்பர் லேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

வின்சன்ற் காலைக் கீழே இறக்கினார். அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது.

"ஏன் மெம்பர், முறைப்படி சபையில சொல்லியிருக்கலாமே?"

"சபையில சொன்னா அள்ளுவாங்களோ, அண்ணை? பதினொரு வருசமா நான் அங்கதானே இருக்கிறன்!"