கோத்திரப் பொருத்தம்

"ஒரே ஜாதி, ஒரே கோத்திரத்தைச் சேர்த்து வச்சா ஒண்ணும் பிறக்காது ஓய்! வேற ஜாதி வந்து சேர்ந்தது, வாரிசு குவியறது!"

சுதர்சனம் போனில் முழங்கியது மில்லர்புரம் முழுக்கக் கேட்டது. மகள் பூமாவால் நம்பவே முடியவில்லை. அப்பாவா இப்படித் திருந்திவிட்டார்? அவர் போனை வைத்ததும் எதிரே போய் நின்றாள்.

"அப்பா, என்னோட வேலை பார்க்கிற சங்கரபாண்டியனைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். அவருக்குக் கோத்திரமே கிடையாது."

"அடிப்பாவி! நான் சொன்னது ஆராய்ச்சிக்காக மைக்ராஸ்கோப்புல பார்த்துண்டிருக்கேனே, கம்புப் பயிர்ல வர்ற அடிச்சாம்பல் நோய்ப் பூஞ்சை, அதை! அதுக்கு வாரிசு வந்தா கம்பங்காடே நாசமாயிடும்டி!"

அம்மா அம்புஜவல்லி காபியை நீட்டினாள்.

"பேரன் வந்தா நாசமாறதுக்கு இந்தாத்துல உங்க மைக்ராஸ்கோப் ஒண்ணுதான் இருக்கு. ஆகட்டும், நல்ல நாள் பாருங்கோ."