அண்ணன் வீட்டில் ஒரு ஏரி

அண்ணன் வீட்டைக் கூரை வரைக்கும் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டு, அவன் நிதானமாக எழுந்து தேநீர் குடிக்கப் போனான். முகத்தில் அப்படியொரு திருப்தி.

திரும்பி வந்தபோது அவனுடைய கணினித் திரை முன்னால் மேலாளர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். "இங்க எங்கேருந்து வந்துச்சு இந்த ஏரி?"

"படை நேரா போய்க் கோட்டையைப் பிடிச்சிட்டா ஆட்டம் சப்புனு முடிஞ்சிடும் மேடம். ஏரி இருந்தா சுத்தித்தானே வரணும்?"

போர் விளையாட்டுகளுக்கு வரைபடம் செய்வது அவன் வேலை. செயற்கைக்கோள் அளந்து வைத்திருக்கும் நிஜ நிலத்தின் மேடு பள்ளங்களை எடுத்து, ஆறு மூலைக் கட்டங்களாக நறுக்கி, இது மலை, இது காடு, இது தண்ணீர் என்று நிறம் கொடுக்க வேண்டும்.

இந்த முறை தான் பிறந்து வளர்ந்த ஊரையே எடுத்துக்கொண்டான். ஆற்றின் மட்டத்தை லேசாக ஏற்றினான், அவ்வளவுதான். தண்ணீர் பள்ளம் பார்த்துத் தானாகவே போய் நிறைந்தது. ஒரு கட்டத்தைக்கூட அவன் கையால் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மேலாளர் குனிந்து ஏரியின் பெயரைப் படித்துச் சிரித்துவிட்டார். "வாய்க்கொழுப்பு ஏரியா? யாருக்கு இந்தக் குத்து?"

"சும்மா வெச்சேன் மேடம்."

சும்மா வைக்கவில்லை. அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, "தம்பி என்ன வேலை பார்க்கறார்?" என்று யாரோ கேட்டார்கள். "பொம்மைப் படைக்கு மேப் போடறான். அதை நம்பி அடுத்த தெருவுக்குக்கூடப் போக முடியாது" என்றார் அண்ணன். கூடமே குலுங்கிச் சிரித்தது. பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தவன்தான். அதன்பிறகு பேச்சுவார்த்தை கிடையாது.

விளையாட்டு வெளியாகி நன்றாகவே ஓடியது. அடுத்த வரைபடம், அடுத்த ஊர் என்று வேலை நகர்ந்தது. ஏரியை அவனே மறந்துபோனான்.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. அலுவலகத்தில் யாரோ செய்தியைப் போட்டார்கள். ஆறு கரையை உடைத்துக்கொண்டு அவன் ஊருக்குள் புகுந்திருந்தது. மேலிருந்து எடுத்த படத்தில், சேற்றுத் தண்ணீரின் விளிம்பு எங்கே வளைந்து எங்கே திரும்புகிறது என்று திரையில் விரலால் தொட்டுக்கொண்டே போனான். அது அவன் போட்ட ஏரி. நிறம்தான் வேறு.

பள்ளம் இருக்கிறது என்று அளவுகள் அன்றைக்கே சொல்லியிருந்தன. 'அண்ணா, ஆறு பொங்கினா முதல்ல உன் வீடுதான்' என்று ஒரு போன் போட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, பழி தீர்த்துக்கொண்டு, பெயர் வேறு வைத்து ரசித்திருக்கிறான். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அண்ணன் போனும் அண்ணி போனும் அணைந்தே கிடந்தன. கிடைத்த பேருந்தில் ஏறினான். பக்கத்து இருக்கைக்காரர் "சொந்தக்காரங்க யாராவது அங்க இருக்காங்களா?" என்று கேட்டபோது, மறுபடியும் அண்ணன் எண்ணைத்தான் அழுத்திக்கொண்டிருந்தான்.

மேட்டுத் தெருவில், அண்ணியின் அக்கா வீட்டில் அவர்களைக் கண்டுபிடித்தான். கூடம் முழுக்கச் சாமான்கள். பிரிட்ஜ், தையல் மிஷின், சுருட்டிய மெத்தைகள், பிரித்துச் சாத்திய கட்டில். ஒன்றிலும் ஈரமில்லை.

"வாங்க தம்பி! எல்லாம் உங்க புண்ணியம்." அண்ணி ஓடிவந்தாள். "தண்ணி ஏறுதுன்னு தகவல் வந்தப்போ, இங்கெல்லாம் வராதுன்னு தெருவே அசையாம உட்கார்ந்திருந்துச்சு. நான்தான் பொழுதுக்கும் உங்க ஆட்டத்தை ஆடிக்கிட்டிருக்கேனே, உங்கண்ணன் என் போனை வாங்கி அதுல நம்ம ஊர் மேப்பைப் பார்த்தார். நம்ம வீட்டு மேலயே ஏரி! உடனே வண்டியைக் கூப்பிட்டுட்டார். அவர் ஏத்தறதைப் பார்த்துத் தெருவே ஏத்திடுச்சு."

அண்ணி மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

"பேசாம இருந்தாலும் தம்பி நமக்காக எச்சரிக்கை பண்ணி வெச்சிருக்கார் பாருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கூடப் பொறந்த பாசம் விட்டுப்போகுமா?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் நல்ல பெயரோடு ஊர் திரும்பலாம். அண்ணன் இவன் பக்கம் திரும்பாமல், கட்டில் காலை ஸ்பேனரால் முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் அவனால் முடியவில்லை.

"அது எச்சரிக்கை இல்ல அண்ணி." அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணா, உன் மேல இருந்த கோவத்துலதான் வீட்டை முழுகடிச்சேன். பேரும் உன்னைக் குத்தத்தான் வெச்சேன். பள்ளம்னு கண்ணால பார்த்தேன். உன்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல. உங்க மூஞ்சியில முழிக்கக்கூட எனக்கு அருகதை இல்ல."

அண்ணியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"கோவத்துல போட்டதுன்னு பார்த்தவுடனே தெரியும்டா. ஆனா நீ கோவத்துலகூட அளவைத் தப்பா போட மாட்டே."